தினமும் ஓட்டும் நியோவுக்கு லேசான ஃப்ளைவீல்: எவ்வளவு எடை வரை இறங்கலாம்?

பிறை_நியோ:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2010 புரோட்டோன் சத்ரியா நியோ சிபிஎஸ், 1.6 மேனுவல். கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவது கியரில் நன்றாக மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் எகிறுகிறது, கார் பின்தங்குகிறது. எப்படியும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அதே கூலியில் ஃப்ளைவீலையும் (கிளட்சுக்கு முன்னால் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான வட்டு) மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பிறையிலிருந்து பழைய பாலம் வழியாகப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் பாலத்து ஏற்றத்திலேயே நின்று நின்று ஊரும் நாட்கள் அதிகம். மாலையில் தொழிற்பேட்டையை விட்டு வெளியே வருவதற்குள் முதல் கியர், நியூட்ரல், மறுபடி முதல் கியர் என்று கால் களைத்துவிடும். ஞாயிறு காலையில் மட்டும் ஜாலான் துன் சார்டோன் ஏறி பாலிக் பூலாவ் போய் வருவேன். அந்த வளைவுகளுக்காகத்தான் மேனுவலை விடாமல் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மாவும் வாரத்தில் சில நாள் இதே காரை எடுப்பார். நன்றாக ஓட்டுவார். ஆனால் சிக்னலில் கார் அணைந்துபோனால், பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தால், அவருக்கு அன்று முழுக்க மனது சரியிருக்காது.

விசாரித்ததில் மூன்று வழி சொல்கிறார்கள். ஒன்று, இப்போதிருக்கும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்துக் கடைந்து எடையைக் குறைப்பது. இதுதான் மலிவு. இரண்டாவது, குரோமோலி எஃகில் ஒரே துண்டாகச் செய்தது, 5.5 கிலோ. மூன்றாவது அலுமினியம், நாலு கிலோவுக்கும் குறைவு. ஸ்டாக், அதாவது காரோடு வந்தது, ஏழரை கிலோ இருக்கும் என்று புக்கிட் மெர்த்தாஜாமில் ஒரு கடைக்காரர் சொன்னார், நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

ஏசி போட்டுக்கொண்டு ஜாமில் நிற்கும்போது எஞ்சின் தடுமாறுமா? மலை ஏறும்போது இழுவை குறையுமா? தினமும் இப்படி ஓட்டுகிறவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


ஜிடிஐ_செராஸ்:

தம்பி, என்னுடையது சத்ரியா ஜிடிஐ, 4ஜி93 எஞ்சின். அதில் அலுமினிய ஃப்ளைவீல்தான் போட்டிருக்கிறேன். அதன் அருமை செப்பாங் பந்தயத் தடத்தில் தெரியும். பிரேக்கை மிதித்தபடியே பாத ஓரத்தால் எண்ணெயை, அதாவது ஆக்சிலரேட்டரை, ஒரு தட்டு தட்டினால் ஆர்பிஎம் சட்டென்று எழும்பி நிற்கும், கீழ் கியர் தானாக உள்ளே விழுவது போல விழும். அந்தச் சுகத்துக்கு ஈடே இல்லை.

ஆனால் நான் வேலைக்குப் போவது எம்ஆர்டியில். அந்தக் காரை ஜாமில் எடுத்தால் இரண்டாவது கியரில் 1,500க்குக் கீழே ஊரவே முடியாது, முன்னும் பின்னும் குலுக்கும். உங்கள் பாலத்துக்கு அலுமினியம் சரிப்படாது. இரண்டாவது வழியைப் பாருங்கள்.


மைவி_செந்தூல்:

வணக்கம் சகோதரரே. உங்கள் மனைவியும் ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் பதில் போடுகிறேன். நான் ஓட்டுவது 2012 மைவி 1.5 மேனுவல். செந்தூலிலிருந்து ஜாலான் ஈப்போ வழியாக நகரத்துக்குள் தினமும் போகிறேன். கிளட்ச் தேய்ந்தபோது ஸ்டாக்கைவிடக் கால்வாசி எடை குறைந்த எஃகு ஃப்ளைவீல் போட்டேன். கிளட்ச் டிஸ்க் மட்டும் ஸ்டாக் மாதிரியே, நடுவில் ஸ்பிரிங் வைத்தது.

முதலில் தெரியும் வித்தியாசம் காரை நகர்த்தும்போதுதான். முன்பு எண்ணெயே மிதிக்காமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டால் கார் நகரும். இப்போதும் சமதரையில் நகரும், ஆனால் கால் அவசரப்பட்டால் மன்னிக்காது. எண்ணெயைத் துளி மிதித்து, முள் அசைந்ததும் கிளட்சை விட வேண்டும். இது சீக்கிரமே கைவந்துவிடுகிறது. என் தம்பி எப்போதாவது என் காரை எடுப்பான், அவன்தான் ஒவ்வொரு முறையும் முதல் சிக்னலில் தடுமாறுவான். வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதென்றால் இதை யோசியுங்கள். தினமும் ஓட்டுகிறவர் காலுக்குப் பழகியது எப்போதாவது ஓட்டுகிறவர் காலுக்குப் பழகாது.

ஏசி விஷயம்: கம்ப்ரஸர் பிடிக்கும் நொடியில் ஆர்பிஎம் முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்கி ஏறும். அணைந்ததில்லை. திராட்டில் பாடியை (எஞ்சினுக்குக் காற்று போகும் வாயில்) கழுவிச் சுத்தம் செய்த பிறகு அந்த இறக்கமும் குறைந்தது.

எனக்குச் சிரமமாகத் தெரிவது ஒரே இடம், எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பது. அங்கே கைப்பிரேக் இல்லாமல் நான் எடுப்பதில்லை. மற்றபடி கியர் மாற்றுவது அவ்வளவு இதமாகிவிட்டது, திரும்ப ஸ்டாக் போடச் சொன்னால் மாட்டேன்.


லேத்_செகாம்புட்:

தம்பி, நான் செகாம்புட்டில் லேத், பேலன்சிங் வேலை செய்கிறவன். நீங்கள் மூன்று வழியாகப் பிரித்து எழுதியதால் பதில் சொல்வது சுலபம். ஆனால் முதலில் ஒரு விஷயம். ஃப்ளைவீல் வாங்கும்போது எல்லாரும் தராசை மட்டும் பார்க்கிறார்கள். எடை எவ்வளவு என்பதோடு அந்த எடை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிலோ எடுத்தால், 6 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கிலோ எடுப்பதைப் போல நாலு மடங்கு பலன். தூரம் இரட்டித்தால் சுழற்சியை எதிர்க்கும் குணம் நாலு மடங்காகும், கணக்கு அப்படி. ஆகவே 5.5 கிலோ என்று எழுதிய இரண்டு ஃப்ளைவீல்கள் சாலையில் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றின் விளிம்பு மெலிந்திருக்கும், இன்னொன்றில் நடுவில் துளை போட்டு எடையைக் குறைத்திருப்பார்கள். படத்தைப் பார்க்காமல், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சரி, இரண்டு கிலோ குறைந்தால் என்ன கிடைக்கும்? 27 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டில் எடை சீராகக் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். 1.6 கார்களில் முதல் கியரில் எஞ்சின் சுமார் 13 சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று வரும். ஐந்தாவதில் மூன்றரைச் சுற்றுக்கு ஒன்று. இதை வைத்துக் கணக்குப் போட்டால், வேகமெடுக்கும்போது முதல் கியரில் காரிலிருந்து 30 கிலோவுக்கு மேல் இறக்கி வைத்தது போல இருக்கும். மூன்றாவது கியரில் அது ஆறு கிலோ. ஐந்தாவதில் இரண்டு கிலோ சொச்சம், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் நூறில் போய்க்கொண்டிருக்கும் காருக்கு லேசான ஃப்ளைவீலால் எந்த லாபமும் இல்லை. குதிரைசக்தியும் கூடாது. எஞ்சின் உண்டாக்கும் சக்தி அதேதான், தன் உடம்பையே சுழற்றச் செலவழிப்பது கொஞ்சம் குறைகிறது.

பாலிக் பூலாவ் ஏற்றத்தில் இழுவை குறையுமா என்று கேட்டீர்கள். ஒரே கியரில் சீராக ஏறும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. கியர் மாற்றும் அந்த ஒரு கணத்தில்தான் தெரியும். கிளட்சை மிதித்ததும் ஆர்பிஎம் முன்பைவிட வேகமாக விழும். கை சுறுசுறுப்பாக இருந்தால் அடுத்த கியரின் ஆர்பிஎம்மோடு சரியாகப் பொருந்தி வழவழவென்று விழும். கை மெதுவாக இருந்தால் அதற்குள் ஆர்பிஎம் தேவைக்கும் கீழே இறங்கிவிடும், கிளட்சை விடும்போது ஒரு உதறல் வரும். இறங்கும் வழியில்தான் உண்மையான சந்தோஷம். வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்குப் போக எண்ணெயை ஒரு தட்டு போதும்.

ஜாமுக்கு வருவோம். கிளட்சை விடும்போது காரை அசைக்கும் முதல் உந்துதல் ஃப்ளைவீலில் சேர்த்து வைத்த சக்தியிலிருந்து வருகிறது. அந்தச் சக்தி ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறும். சுழலும் பாரம் முப்பது சதவீதம் குறைந்தால், அதே உந்துதலுக்கு முன்பு 1,200 வைத்து எடுத்த காரை இப்போது 1,400க்குக் கொஞ்சம் மேலே வைத்து எடுக்க வேண்டும். பாதியாகக் குறைந்தால் 1,700. எஞ்சினின் கிராங்க் தண்டும் கிளட்சை அழுத்தும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்தே சுற்றுவதால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் சாதகமாகவே இருக்கும். முப்பது சதவீதம் வரை கால் பழகிக்கொள்ளும். பாதியென்றால் ஜாமில் ஒவ்வொரு தடவையும் நீங்கள் அதை நினைத்தபடியே ஓட்ட வேண்டிவரும். செந்தூல் சகோதரி சொன்னதும் ஜிடிஐ தம்பி சொன்னதும் இந்த இரண்டு நிலைதான்.

இன்னொன்று சூடு. ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஊரும்போது உண்டாகும் சூட்டை முதலில் வாங்கிக்கொள்வது ஃப்ளைவீலின் முகம். உலோகம் குறைந்தால் அதே சூட்டுக்கு முகம் அதிகமாகக் காயும். பாலத்து ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஹாஃப் கிளட்சில் காரை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால், எந்த ஃப்ளைவீல் போட்டாலும் சீக்கிரமே முகத்தில் நீலத் திட்டுகள் வந்துவிடும். லேசானதில் இன்னும் சீக்கிரம் வரும்.

உங்கள் மூன்று வழியில் என் பதில்: குரோமோலி, ஒரே துண்டு, 5.5 கிலோ. கடைக்காரர் சொன்ன ஏழரை சரியென்றால் அது இருபத்தேழு சதவீதக் குறைப்பு. எக்ஸெடி, டோடா போன்றவர்கள் பல ஜப்பானியக் கார்களுக்கு இந்த மாதிரிதான் செய்கிறார்கள். எஸ்சிஎம்440 என்று ஜப்பானில் சொல்லும் எஃகு, அமெரிக்கக் கணக்கில் 4140க்கு இணை. வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு உறுதி.


பிறை_நியோ:

அண்ணே, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. இப்போதுதான் எனக்கு இது தலையில் ஏறுகிறது. இன்னும் சில சந்தேகம்.

லேத்தில் கடைவதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே? உங்கள் தொழிலே அதுதானே. குரோமோலிக்கும் அதற்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. அடுத்து, லேசான ஃப்ளைவீல் போட்டால் சிங்க்ரோ (கியர் விழும்போது வேகத்தைச் சரிசெய்யும் வளையம்) சீக்கிரம் தேயும் என்று ஒருவரும், சிங்க்ரோவுக்கு நல்லது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்றும் கேள்விப்பட்டேன். கியர்பாக்ஸில் கலகலவென்று சத்தம் வருமாமே, அது கெடுதலா?


லேத்_செகாம்புட்:

லேத் விஷயத்தை வேண்டுமென்றேதான் தனியாக வைத்தேன், அது நிதானமாகச் சொல்ல வேண்டியது.

ஸ்டாக் ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சுழலும்போது அதன் மேல் விழுவது முழுக்க வெளிப்பக்கமாக இழுக்கும் விசை. 7,000 ஆர்பிஎம்மில் ஃப்ளைவீலின் விளிம்பு மணிக்கு 350 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு விரிசல் ஓடினால் துண்டு பெல் ஹவுசிங்கை (ஃப்ளைவீலை மூடியிருக்கும் கூடு) பிளந்துகொண்டு வரும். ஓட்டுபவரின் பாதம் அங்கிருந்து தூரத்தில் இல்லை.

கடையவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்தவர் கடைந்தால் பின்பக்கம், விளிம்பை ஒட்டிய பகுதியில் ஓரளவு எடுக்கலாம். கிராங்க் போல்ட் வட்டத்துக்குப் பக்கத்தில் தொடக்கூடாது. கிளட்ச் உராயும் முகத்தை மெலிய வைக்கக்கூடாது. உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக முடிக்க வேண்டும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வேலைக்கு முன்னால் விரிசல் சோதனை, முடித்த பிறகு பேலன்சிங். இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் பாதுகாப்பாக எடுக்கக்கூடிய எடை உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். துளைத்துத் துளைத்து எடையைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பதினைந்து வருஷம் சூடேறி ஆறிய இரும்பு அது. உங்கள் மனைவியும் ஓட்டும் கார். இதில் விலையைப் பார்க்காதீர்கள் தம்பி.

அலுமினியத்தையும் சொல்லிவிடுகிறேன். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் உராய்வைத் தாங்காது. அதனால் முகத்தில் எஃகுத் தகடு ஒன்றை போல்ட் அல்லது ரிவெட் போட்டுப் பொருத்துவார்கள். ஃபிடான்சா போன்றவர்களின் ஃப்ளைவீலில் அந்தத் தகட்டை மட்டும் கழற்றி மாற்றலாம், அது நல்ல வசதி. ஆனால் ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பந்தயத்தில் கிளட்ச் முழுக்கப் பிடித்திருக்கும் நேரமே அதிகம், அங்கே இது பிரச்சினையில்லை. ஹாஃப் கிளட்ச் ஜாமில் அந்த மெல்லிய தகடுதான் எல்லாச் சூட்டையும் முதலில் வாங்கும். எந்த வகையாக இருந்தாலும் எஸ்எஃப்ஐ 1.1 சான்று ஸ்டிக்கர் இருந்தால் நல்லது, வெடிக்காமல் தாங்குகிறதா என்று சுழற்றிப் பார்த்துத் தரும் சான்று அது.

சிங்க்ரோ: இரண்டு பேர் சொன்னதும் தப்பு. கியர் மாற்றும்போது கிளட்ச் மிதித்திருக்கிறது, ஃப்ளைவீல் எஞ்சினோடு சேர்ந்து கியர்பாக்ஸிலிருந்து பிரிந்து நிற்கிறது. சிங்க்ரோ வேகத்தைச் சரிசெய்ய வேண்டியது கிளட்ச் டிஸ்க்கையும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டையும்தான். ஆகவே சிங்க்ரோவின் பாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டிஸ்க்கின் எடை. கனமான டிஸ்க் போட்டால் சிங்க்ரோ கஷ்டப்படும்.

பெட்ரோல்: ஆயிரத்து இருநூறு கிலோ காரை நின்ற இடத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரச் செலவாகும் சக்தியோடு ஒப்பிட்டால், இரண்டு கிலோ ஃப்ளைவீல் குறைப்பில் மிச்சமாவது ஒரு சதவீத அளவு. டயரில் காற்று குறைந்தால் அதைவிட அதிகம் போய்விடும். இதற்காகப் போடாதீர்கள்.

சத்தம்: நாலு சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. அந்தத் துடிப்பைத் தட்டையாக்குவது ஃப்ளைவீல். அது லேசானால் துடிப்பு கியர்பாக்ஸுக்குள் போய், பாரமில்லாமல் சும்மா சுற்றும் பற்களை ஒன்றோடொன்று தட்ட வைக்கும். நியூட்ரலில் கிளட்ச் விட்டிருக்கும்போது கேட்கும், மிதித்தால் நின்றுவிடும். அப்படி நின்றால் கெடுதல் இல்லை. இதைக் குறைக்கத்தான் டிஸ்க்கின் நடுவில் ஸ்பிரிங். ஸ்பிரிங் இல்லாத பந்தய டிஸ்க்கை மட்டும் வாங்கிவிடாதீர்கள். லேசான ஃப்ளைவீலும் அந்த டிஸ்க்கும் சேர்ந்தால் ஜாமில் காரை ஓட்டவே மனம் வராது.

அப்புறம், கடையில் ஃப்ளைவீலோடு சேர்த்து லேசான கிராங்க் புல்லியும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ரப்பர் டாம்பர் உள்ள ஸ்டாக் புல்லியைக் கழற்ற வேண்டாம். அது கிராங்க் முறுக்கிக்கொள்ளும் அதிர்வை விழுங்குவதற்காக வைத்தது. ஃப்ளைவீலை மாற்றும்போது அதன் தேவை கூடுமே தவிரக் குறையாது.


ஆக்சியா_ஆயர்ஈத்தாம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஆக்சியா 1.0 மேனுவல். அதிலும் இதே மாதிரி முப்பது சதவீதம் குறைக்கலாமா? ஆயர் ஈத்தாம் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது இப்போதே கொஞ்சம் திணறுகிறது.


லேத்_செகாம்புட்:

வேண்டாம். உங்களுடையது மூன்று சிலிண்டர். நாலு சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பென்றால், இதில் 240 டிகிரிக்கு ஒன்று. நடுவில் இருக்கும் இடைவெளியை ஃப்ளைவீல்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். லிட்டர் எஞ்சினில் அடியிழுவையும் குறைவு. லேசாக்கினால் ஐட்லிங் நடுக்கம் கூடும், மேட்டில் எடுப்பது இன்னும் கஷ்டமாகும். அந்தத் திணறலுக்கு கிளட்ச், ஸ்பார்க் பிளக், திராட்டில் பாடி இவற்றைப் பாருங்கள். அதிலேயே சரியாகிவிட வாய்ப்பு அதிகம்.


பிறை_நியோ:

அண்ணே, முடிவு செய்துவிட்டேன். குரோமோலி 5.5, ஸ்பிரிங் உள்ள ஸ்டாக் வகை கிளட்ச் செட். நேற்று இரவு வீட்டுக்காரம்மாவிடம் இந்தப் பதில்களையெல்லாம் படித்துக் காட்டினேன். செந்தூல் அக்கா எழுதியதைக் கேட்ட பிறகு, எண்ணெய் துளி மிதித்து எடுப்பதுதான் வித்தியாசமென்றால் பரவாயில்லை, போடுங்கள் என்று சொன்னார். மலிவு வழியை அவர்தான் முதலில் வேண்டாமென்று சொன்னவர்.

பட்டறையில் வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?


மைவி_செந்தூல்:

சகோதரரே, காரை வாங்கியதும் முதல் நாளே பாலத்துக்கு எடுத்துப் போகாமல், ஞாயிற்றுக்கிழமை தொழிற்பேட்டை காலியாக இருக்கும்போது இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டிப் பாருங்கள். புது கிளட்ச் பிடிக்கும் இடமும் மாறியிருக்கும். அதையும் லேசான ஃப்ளைவீலையும் சேர்த்து ஜாமில் பழகுவது சிரமம்.


லேத்_செகாம்புட்:

சகோதரி சொன்னதை அப்படியே செய்யுங்கள். புது டிஸ்க் நன்றாகப் படியும் வரை முழு எண்ணெய் மிதித்து எடுக்காமல் ஊருக்குள் சாதாரணமாக ஓட்டுங்கள், படிவதற்கு அந்த நின்று நின்று போகும் ஓட்டம்தான் தேவை.

பட்டறையில் முதலில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துப் பாருங்கள். ஃப்ளைவீல் விளிம்பில் இருக்கும் ரிங் கியரின் பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட்டர் அதைத் தின்றுவிடும். சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் ஃப்ளைவீலைப் பார்த்துத்தான் படிக்கும். பழையதில் ரிங் கியரைத் தவிர வேறு பற்களோ பள்ளங்களோ இருந்தால் புதியதிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் அங்கேயே தராசில் வையுங்கள், ஏழரை என்பது உண்மையா என்று தெரிந்துவிடும். பழையது ஆறு கிலோதான் என்று வந்தால் நீங்கள் எதிர்பார்த்த வித்தியாசம் இருக்காது, அப்படியானால் புதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பழையதன் முகத்தை மட்டும் சீராகக் கடைந்து போட்டுக்கொள்ளலாம்.

ஃப்ளைவீல் கழன்றிருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். அது பிறகு கசிந்தால் மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும், புது டிஸ்க்கும் எண்ணெயில் ஊறிப் பாழாகும். ரிலீஸ் பேரிங் செட்டோடு வரும். ஃப்ளைவீல் போல்ட் புதிதாக வாங்குங்கள், பழையதைப் போட விடாதீர்கள். சில எஞ்சின்களில் அந்தத் துளை ஆயில் இருக்கும் இடம் வரை போகும், அங்கே திரெட்டில் சீலண்ட் தடவ வேண்டும். டார்க் ரெஞ்ச் வைத்து, குறுக்கு நெடுக்காக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் எஞ்சின் மேனுவலில் பார்த்துத்தான் போட வேண்டும், பழக்கத்தில் கைக்கணக்காக இறுக்குகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பூட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து முகம் ஆடுகிறதா என்று ஒரு சுற்று சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சந்தோஷம். அதற்கு மேல் ஆடினால் கழற்றி, கிராங்க் முகத்தில் துருவோ பழைய சீலண்டோ ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும். முகத்தில் பூசியிருக்கும் துரு தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்த பிறகுதான் டிஸ்க் வைக்க வேண்டும்.

ஓட்டத் தொடங்கிய பிறகு செக் எஞ்சின் விளக்கு எரிந்து மிஸ்ஃபயர் கோட் வந்தால் உடனே பயந்து காயில், பிளக் எல்லாம் மாற்றிவிடாதீர்கள். கிராங்க் சுழலும் வேகம் ஏறி இறங்குவதை வைத்துத்தான் ஈசியு, அதாவது எஞ்சின் கணினி, மிஸ்ஃபயரைக் (சிலிண்டரில் வெடிப்பு தவறுவதை) கண்டுபிடிக்கிறது. லேசான ஃப்ளைவீலில் அந்த ஏற்ற இறக்கம் கூடுவதால் சில கார்களில் பொய்யாகவும் சொல்லும். இந்த அளவு குறைப்பில் வர வாய்ப்பு குறைவு. வந்தால் கோட் எண்ணை இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.